கதையைக் கேட்டதும் கண் எங்கே போகிறது?

நியூயார்க்கின் மோமா என்ற நவீனக் கலை மியூசியத்தில் பெரியவர்களுக்கு டிக்கெட் 30 டாலர். நிரந்தரத் தொகுப்பு மூன்று தளங்களில் இருக்கிறது. ஐந்தாம் தளத்தில் 1880கள் முதல் 1940கள் வரை, நான்காவதில் 1970கள் வரை, இரண்டாவதில் அங்கிருந்து இன்றுவரை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று காலையில் போய் அறை அறையாக நடந்தால், மதியத்துக்குள் கால் கடுத்துவிடும், தலை வலிக்கும், பார்த்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றுகூட மனதில் நிற்காது. வெளியே வரும்போது ‘இதை என் பையனே வரைவானே’ என்ற எரிச்சல் பாதி, ‘எல்லாரும் நின்று பார்க்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் புரியவில்லை’ என்ற வெட்கம் பாதி. இரண்டும் எனக்கு நன்றாகவே தெரிந்தவை. டிக்கெட் காசு போனதைக்கூட மறந்துவிடலாம். நவீன ஓவியம் நமக்கானது இல்லை என்று முடிவுகட்டி வருடக்கணக்கில் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிடுவதுதான் பெரிய நஷ்டம். முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாமல் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை, இனிமேல் தனியாகப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நமக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோவில் தூணில் ஒரு காலைத் தூக்கி ஆடும் உருவத்தைப் பார்த்ததும் ஊன்றிய காலுக்குக் கீழே முயலகனைத் தேடுகிறோம். கதை தெரியும், அதனால் கண்ணுக்கு எங்கே போவது என்று தெரியும். ஐரோப்பாவின் பழைய ஓவியங்களும் அப்படித்தான் இருந்தன: பைபிள், கிரேக்கப் புராணம், அரசர்களின் போர். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து அங்கே ஓவியர்கள் கதையை மெல்ல மெல்லச் சட்டகத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். படம் எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது, யார் அதைத் தள்ளினார்கள், முந்தைய படத்தில் இருந்த எதை ஓவியர் இதில் கைவிட்டார் என்பதெல்லாம்தான் இப்போது கதை. அதைப் படத்துக்குள்ளேயே தேடிக்கொண்டு நின்றால் கிடைக்காது. வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும், அல்லது நாமே போகும் முன் படித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எந்தக் கதை என்பதில்தான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள். ஒரு கதை உதவுமா என்று சோதிக்க ஒரே கேள்வி போதும். அதைக் கேட்டதும் கண் படத்தின் ஏதாவது ஓரிடத்துக்குப் போகிறதா? போனால் அது நல்ல கதை. போகாவிட்டால் வம்பு. டச்சு ஓவியர் வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டது பிரான்சின் ஆர்ல் ஊரில், 1888 டிசம்பரில். மோமாவில் கூட்டம் மொய்க்கும் ‘விண்மீன் இரவு’ 1889 ஜூனில், சான் ரெமி மனநல விடுதியில் வரையப்பட்டது. காது கதையைச் சொல்லிவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தால் சுழல்கள் எல்லாம் பைத்தியத்தின் அடையாளமாகத் தெரியும், வேறெதுவும் தெரியாது. இன்னொரு கதை இருக்கிறது. கிழக்கு நோக்கிய தன் சன்னல் வழியே, சூரியன் எழுவதற்கு நெடுநேரம் முன்னால் விடிவெள்ளியைப் பார்த்ததாகவும் அது மிகப் பெரிதாகத் தெரிந்ததாகவும் தம்பி தியோவுக்கு எழுதினார். படத்தில் இருக்கும் கிராமம் அந்தச் சன்னலிலிருந்து தெரியாது. அவர் வரைந்தது மாடி அறையில் அல்ல, கீழே கொடுத்திருந்த பட்டறை அறையில், நினைவிலிருந்து. இதைக் கேட்டதும் கண் சைப்ரஸ் மரத்துக்கு வலப்பக்கம் இருக்கும் வெள்ளை ஒளிக்குப் போகும். பிறகு கீழே இறங்கி, பிரான்சின் தெற்குக்குப் பொருந்தாமல் ஹாலந்துத் தேவாலயம் போல மெலிந்து உயர்ந்து நிற்கும் கோபுரத்துக்குப் போகும். எது கண்டது, எது சேர்த்தது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டால் பத்து நிமிடம் போவதே தெரியாது. வான்கோவின் எஞ்சியிருக்கும் கடிதங்கள் அனைத்தும் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ மியூசியம் பங்கேற்று நடத்தும் இணையதளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கனமான கலைக்கோட்பாட்டுப் புத்தகம் வாங்குவதற்கு முன் அவற்றில் ஒரு பத்தைப் படியுங்கள்.

கதையை எப்போது கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். முதலில் சுவரில் இருக்கும் குறிப்பைப் படிக்காமல் ஐந்து நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். கண்ணில் படுவதை வெறும் பெயர்ச்சொற்களாக எழுதிக்கொள்ளுங்கள்: குதிரை, விளக்கு, திறந்த வாய், கருப்புக் கோடு. அர்த்தம் எதுவும் எழுதாதீர்கள். (பென்சில் கொண்டுபோங்கள், பல மியூசியங்களில் காட்சிக்கூடத்துக்குள் பேனா அனுமதி இல்லை.) அதன் பிறகு கதை. பிறகு மறுபடியும் ஐந்து நிமிடம், இந்த முறை கதை சொல்வது படத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்க. கதையை முதலிலேயே கேட்டுவிட்டால் அது சொன்னதை மட்டுமே கண் பார்க்கும். கதையே கேட்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் கண் சலித்துவிடும். ஆடியோ வழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டே நடப்பவர்களுக்கு நேர்வது முதல் வகை. ஒரு படத்துக்கு இப்படிக் கால் மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் கண் ஒத்துழைக்காது. ஆக ஒரு வருகைக்கு ஐந்து படம் போதும். மற்றவற்றைக் கடந்து போவதில் எந்தக் குற்றமும் இல்லை.

முதல் படமாக மட்ரிட் நகரின் ரெய்னா சோஃபியா மியூசியத்தில் இருக்கும் பிகாசோவின் ‘குவெர்னிகா’வைச் சொல்வேன், நேரில் முடியாவிட்டால் திரையில். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், குடியரசை எதிர்த்த தளபதி ஃபிராங்கோவுக்கு ஆதரவாக ஜெர்மானியக் கொண்டோர் படையின் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் குவெர்னிகா என்ற ஊரைக் குண்டு வீசி எரித்தன. பிகாசோ அப்போது பாரிஸில். உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் அரங்குக்குப் பெரிய சுவரோவியம் ஒன்று தருவதாக ஜனவரியிலேயே ஒப்புக்கொண்டு, என்ன வரைவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார். செய்தி வந்ததும் மே 1 அன்று முதல் கோட்டோவியங்கள். ஜூன் தொடக்கத்தில் 3.49 மீட்டர் உயரமும் 7.76 மீட்டர் அகலமும் உள்ள கேன்வாஸ் முடிந்துவிட்டது. அவர் அந்த ஊரின் அழிவைக் கண்ணால் பார்த்ததில்லை, செய்தித்தாளிலும் புகைப்படத்திலும்தான் அறிந்தார். இப்போது படத்தைப் பாருங்கள். கருப்பு, வெள்ளை, சாம்பல். குதிரையின் உடம்பு முழுக்க அச்செழுத்து வரிகள் போலச் சின்னச் சின்னக் கோடுகள். குண்டுவீச்சைப் பற்றிய இந்தப் படத்தில் விமானமே இல்லை, குண்டும் இல்லை என்பதை அநேகம் பேர் கவனிப்பதில்லை. மேலே ஒரு மின்விளக்கு எரிகிறது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று திணறினால் வலது ஓரத்தில் கைகளை உயர்த்தி எரியும் உருவத்தில் தொடங்கி இடப்பக்கமாக வாருங்கள், உருவங்களின் ஓட்டமே அந்தத் திசையில்தான். கடைசியில் இறந்த குழந்தையை ஏந்திய தாயிடம் போய்ச் சேர்வீர்கள். அந்த இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

இதே படத்தில் இன்னொரு கதையும் உண்டு, இதைத்தான் தவறவிடக் கூடாது. படம் வளர வளர, பிகாசோவின் தோழியான புகைப்படக் கலைஞர் டோரா மார் அதைக் கட்டம் கட்டமாகப் புகைப்படம் எடுத்தார். முதல் கட்டத்தில் நடுவே ஒரு கை முஷ்டியை மடக்கி நிமிர்ந்து நிற்கிறது, குதிரையின் தலை கீழே தொங்குகிறது. அடுத்தடுத்த கட்டங்களில் முஷ்டி காணாமல் போகிறது, குதிரையின் தலை மேலே எழுகிறது. எதிர்ப்பின் சின்னத்தைப் பிகாசோவே அழித்துவிட்டு அந்த இடத்தை அலறலுக்குக் கொடுத்திருக்கிறார். நவீன ஓவியத்தில் ‘ஏன் இப்படி வரைந்தார்’ என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் காட்டும் சான்று அரிது. ரெய்னா சோஃபியாவின் இணையதளத்தில் மிக நுணுக்கமான படமும் ஆவணங்களும் இலவசம். நேரில் போனால் டிக்கெட் 12 யூரோ, செவ்வாய் விடுமுறை, மற்ற வார நாட்களிலும் சனிக்கிழமையிலும் மாலை 7 மணிக்கு மேல் இலவசம், ஆனால் அந்த நேரத்தில் கூட்டத்தில் முன்னால் போவதே பாடு. பிகாசோவிடம் வந்த ஜெர்மன் அதிகாரி ‘இதை நீங்கள் செய்தீர்களா’ என்று கேட்டதாகவும், அவர் ‘இல்லை, நீங்கள்தான்’ என்றதாகவும் ஒரு கதையை எல்லாரும் சொல்வார்கள். சுவையானதுதான். ஆனால் படத்தில் எந்த இடத்தையும் அது காட்டவில்லை, விட்டுவிடலாம்.

அடுத்தது அருவ ஓவியம், அதாவது அடையாளம் காணும் உருவம் எதுவும் இல்லாதது, பலர் திரும்பிப் போய்விடும் இடம். கட்டமும் கோடுமாக இருக்கும், டச்சு ஓவியர் மோன்ட்ரியானின் படத்தின் முன் நேராகப் போய் நின்றால் எதுவும் நடக்காது. அவருடைய மரங்களிலிருந்து வர வேண்டும். தி ஹேக் நகரின் குன்ஸ்ட்மியூசியத்தில் மூன்று படங்கள் இருக்கின்றன: ‘சிவப்பு மரம்’ (1908–10), ‘சாம்பல் மரம்’ (1911), ‘பூத்த ஆப்பிள் மரம்’ (1912). மூன்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் அடிமரத்தை விரலால் தொட்டுக்கொண்டே மேலே போங்கள். முதலாவதில் கிளை கிளையாகவே இருக்கும். இரண்டாவதில் கிளைகளுக்கு நடுவிலுள்ள காற்றும் கிளை அளவுக்கு கனமாகிவிடும். மூன்றாவதில் எது கிளை, எது வெளி என்று பிரிக்க முடியாது. இடையில் நடந்தது, பொருட்களை வடிவத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் க்யூபிச ஓவியங்களை அவர் பார்த்து பாரிஸுக்குக் குடிபோனது. இந்த வரிசையை ஒருமுறை விரலால் போய்வந்தவருக்குப் பின்னால் வரும் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள் திடீரென்று முளைத்தவையாகத் தோன்றாது. 1940இல் போருக்குத் தப்பி நியூயார்க் வந்த பிறகு, அங்கே கேட்ட பூகி-வூகி ஜாஸ் இசையில் மயங்கி, கருப்புக் கோடுகளையே கைவிட்டு ‘பிராட்வே பூகி வூகி’ (1942–43) வரைந்தார். மோமாவில் அதைப் பார்க்கும்போது கோட்டுக்குள் துள்ளும் சின்னச் சதுரங்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டு போங்கள், தாளம் தானாக வரும். அச்சுப் பிரதியில் இந்தப் படங்கள் பிளாஸ்டிக் பலகை போல வழவழப்பாகத் தெரிகின்றன, நேரில் அப்படி இல்லை. வெள்ளைப் பகுதிகளில்கூடத் தூரிகை ஓடிய திசை மாறி மாறித் தெரியும். பக்கவாட்டில் சற்று நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள்.

புரியவில்லை என்ற வெட்கம் இங்கே தலைதூக்கும். அதற்கு மருந்து இதோ. மோன்ட்ரியான் வண்ண ஒட்டுநாடாக்களால் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’ 1980 முதல் ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரில் இருக்கிறது. அது தலைகீழாகத் தொங்குகிறது என்று 2022இல்தான் தெரியவந்தது. 1944இல் அவருடைய பட்டறையில் எடுத்த புகைப்படத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கும் ஓரம் மேலே இருக்கிறது, மியூசியத்தில் கீழே இருந்தது. திருப்பினால் பழைய நாடாக்கள் உதிர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். நிபுணர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. கோடுகள் எந்தப் பக்கம் நெருங்குகின்றன என்று பார்ப்பதே ஒரு பார்வை, அதற்குப் பட்டம் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ரஷ்ய ஓவியர் மலேவிச்சின் ‘கருப்புச் சதுரம்’ இதே இனம். 1915 டிசம்பரில் பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கண்காட்சியில் அதைச் சுவரின் நடுவில் மாட்டவில்லை. ரஷ்ய வீடுகளில் புனிதர் படங்கள் வைக்கும் மூலையில், கூரைக்கு அருகே குறுக்காக மாட்டினார். அது தெரிந்தால் அந்தச் சதுரம் எதனுடைய இடத்தைப் பிடித்தது என்பது விளங்கும். இன்று கருப்பு வண்ணம் வெடித்து, இடுக்குகளில் அடியிலிருக்கும் வேறு வண்ணங்கள் எட்டிப் பார்க்கின்றன. கண் போக வேண்டிய இடம் அந்த வெடிப்புகள்.

பிள்ளைகளோடோ நண்பர்களோடோ போகிறவர்களுக்குச் சிற்பி பிரான்குசியின் ‘விண்ணில் பறவை’யைவிடச் சிறந்த கதை இல்லை. 1926 அக்டோபரில் பாரிஸிலிருந்து கப்பலில் நியூயார்க் வந்த இந்த வெண்கலச் சிற்பத்தைப் பார்த்த சுங்க அதிகாரிகள், இதில் சிறகும் இல்லை, அலகும் இல்லை, கலைப்பொருள் என்று வரிவிலக்கு தர முடியாது என்று சமையல் பாத்திரம், மருத்துவமனைப் பொருள் வகையில் சேர்த்து 40 சதவீதம் தீர்வை போட்டார்கள். அதை வாங்கிய புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் கொடுத்த விலை 600 டாலர், தீர்வை 240 டாலர். வழக்கு நடந்தது. காட்டில் இதைக் கண்டால் பறவையென்று சுடுவீர்களா என்றுகூட நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. 1928 நவம்பரில் தீர்ப்பு பிரான்குசி பக்கம் வந்தது: இயற்கையை அப்படியே நகலெடுக்காமல் அருவமான எண்ணத்தைக் காட்ட முயலும் புதிய கலைமுறை ஒன்று உருவாகியிருக்கிறது, நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைச் சொல்லிவிட்டு, கூட வந்தவர்களை இரண்டு கட்சியாகப் பிரியுங்கள், ஒன்று சுங்கம், மற்றது சிற்பி. நிபந்தனை ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சாட்சியாகச் சொல்ல வேண்டும். கால் மணி நேரத்தில் அடிப்பகுதி எங்கே மிகக் குறுகுகிறது, மேல்நுனி எந்தக் கோணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, மெருகில் நம் நிழல் எப்படி நீள்கிறது என்று பத்து வயதுப் பிள்ளையும் வாதாடும். இதே வடிவத்தை அவர் பளிங்கிலும் வெண்கலத்திலும் திரும்பத் திரும்பச் செய்திருப்பதால் வழக்கில் நின்ற சிற்பமே வேண்டும் என்றில்லை. மோமாவில் 1928இல் செய்த ஒன்று இருக்கிறது.

பிரெஞ்சுக் கலைஞர் டுஷாம்பின் ‘நீரூற்று’க்கு இவ்வளவு நேரம் தர வேண்டாம். 1917இல் நியூயார்க்கில், ஆறு டாலர் கட்டினால் யாருடைய படைப்பையும் தேர்வுக்குழு இல்லாமல் வைப்போம் என்று அறிவித்த சங்கத்துக்கு, கடையில் வாங்கிய சிறுநீர்க் கோப்பையில் ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு அனுப்பினார். அவர்கள் தங்கள் வாக்கை மீறி அதை ஒதுக்கினார்கள். அசல் தொலைந்துபோனது. லண்டனின் டேட் மாடர்ன் மியூசியத்திலும் வேறு சில இடங்களிலும் இருப்பவை 1964இல் செய்த பிரதிகள். பீங்கானின் வளைவை உற்றுப் பார்த்து அழகைத் தேடாதீர்கள். அங்கே நடந்த சம்பவம்தான் படைப்பு, அதைத் தெரிந்துகொண்டால் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடலாம்.

மிச்சப்படும் நேரத்தை அமெரிக்க ஓவியர் ராத்கோவிடம் செலவழியுங்கள். லண்டன் டேட் மாடர்னில் நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணம் இல்லை. அங்கே அடர்சிவப்பும் கருப்புமாக ஒரு ராத்கோ அறை இருக்கும், முன்பே இணையதளத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். அந்தப் படங்கள் நியூயார்க் சீக்ராம் கட்டடத்தின் ஆடம்பர உணவகத்துக்காக 1958–59இல் வரையப்பட்டவை. அங்கே ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்தவர், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பின்னர் ஒன்பதை டேட்டுக்கு அளித்தார். ஃபிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோ கட்டிய லாரன்ஷியன் நூலகத்தின் முன்கூடத்தில், அடைக்கப்பட்ட சன்னல்கள் சூழ நின்ற உணர்வு தன்னைத் தொடர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் நீள்சதுரங்களின் விளிம்புக்குக் கண் போகும்: கதவா, சன்னலா, திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? அறையின் நடுவில் நின்றால் வெறும் சிவப்பு தெரியும். ராத்கோ தன் படங்களைப் பார்க்கச் சொன்ன தூரம் 18 அங்குலம், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கி நில்லுங்கள், மங்கலான வெளிச்சத்துக்குக் கண் பழக ஐந்து நிமிடமாவது ஆகும், அதுவரை எதையும் தீர்மானிக்காதீர்கள். இங்கே எல்லாரும் சொல்லும் கதை அவருடைய தற்கொலை. அது 1970 பிப்ரவரி 25, டேட்டுக்கான படங்கள் லண்டன் வந்து சேர்ந்த அதே நாள். உலுக்கும் செய்திதான். ஆனால் படங்கள் அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தியவை. ஒரு மனிதரின் முடிவை எடுத்து அவருடைய பழைய வேலையின் மேல் பூசுவது அநியாயம். கதை சொல்லும் முன் இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கதை இல்லாமல் படைப்பே இல்லை என்ற இடமும் உண்டு. சிகாகோ கலை நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் கோன்சாலஸ்-டோரஸின் 1991ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்று: பளபளக்கும் காகிதம் சுற்றிய மிட்டாய்கள் மூலையில் குவிந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் ஒன்று எடுத்துத் தின்னலாம். குவியலின் உகந்த எடை 175 பவுண்டு, சுமார் 79 கிலோ. அது ஆரோக்கியமான ஓர் ஆணின் உடல் எடை. கலைஞரின் காதலர் ராஸ் லேகாக் அந்த ஆண்டுதான் எய்ட்ஸ் நோயால் கரைந்து இறந்திருந்தார். ஒவ்வொருவரும் எடுக்க எடுக்கக் குவியல் குறைகிறது, மியூசியம் மறுபடி நிரப்புகிறது. கலைஞரும் 1996இல் அதே நோயால் போய்விட்டார். தெரியாமல் அந்த மூலையைக் கடந்து போகிறவர்களைப் பார்க்கும்போது கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். காவலரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுங்கள். இது எப்போதும் காட்சியில் இருப்பதில்லை.

அது எல்லாப் படைப்புக்கும் பொருந்தும். விமான டிக்கெட்டும் விடுதியும் போட்டுப் போய், தேடிவந்த படம் வேறு நாட்டுக் கண்காட்சிக்கு இரவலாகப் போயிருப்பது வயிறு எரியும் அனுபவம். மியூசியத்தின் தளத்தில் தொகுப்புப் பக்கத்தில் படத்தின் பெயரைத் தேடினால் எந்த அறையில் இருக்கிறது, இப்போது காட்சியில் இல்லையா என்று போட்டிருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாளும் ஒருமுறை பாருங்கள், மோமாவில் அறைகளை அடிக்கடி மாற்றி அமைக்கிறார்கள். சுவர்க் குறிப்பையும் முழுதாகப் படியுங்கள். பெயர், ஆண்டு, எந்த வண்ணம், எதன் மேல், யார் கொடுத்தது, கடைசியில் ஓர் எண். ‘விண்மீன் இரவு’க்கு 472.1941 என்றிருக்கும், அதாவது மியூசியத்துக்குள் வந்தது 1941. வரைந்த ஆண்டுக்கும் வந்த ஆண்டுக்கும் இடையில் 52 வருடம். அந்த இடைவெளியில் படம் யார் யார் வீட்டில் இருந்தது என்று தேடிப் போனால் இன்னொரு கதை கிடைக்கும்.

திரும்பி வந்த அன்றிரவே, பார்த்த ஐந்தில் ஒன்றையாவது வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். படத்தைக் காட்டாமல் நான்கு வாக்கியம்: எந்த இடத்துக்காகச் செய்தது, அதற்கு முன் இருந்த எதை விட்டது, பிறகு என்ன ஆனது, பார்க்கும்போது கண்ணை எங்கே வைக்க வேண்டும். விலையைச் சொல்லாதீர்கள். ‘இத்தனை கோடிக்குப் போனது’ என்று தொடங்கினால் கேட்பவர் கடைசிவரை அந்தத் தொகையைத்தான் பார்ப்பார். நான்காவது வாக்கியத்தில் தடுமாறினால் அந்தப் படத்தை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, மியூசியத்தின் தளத்தில் பெரிதாக்கி மறுபடி பாருங்கள். சொல்லி முடித்த பிறகு படத்தைக் காட்டுங்கள், கேட்டவர் முதலில் விரல் வைக்கும் இடத்தைக் கவனியுங்கள்.